மங்கோலியா 1990: கையெழுத்துப் போடாத ஒருவரா, சதுக்கத்தில் உட்கார்ந்த பத்துப் பேரா?

நூலகத்து எலி

1989 என்று சொன்னதும் எல்லோருக்கும் பெர்லின் சுவரும் போலந்தின் வட்டமேசைப் பேச்சும் ருமேனியாவில் சுடப்பட்ட சௌசெஸ்கு தம்பதியும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அதே குளிர்காலத்தில் மங்கோலியாவிலும் ஒரு கம்யூனிஸ்ட் ஆட்சி இறங்கிப்போனது. சோவியத் ஒன்றியத்துக்கு அடுத்து உலகில் இரண்டாவதாக உண்டான கம்யூனிஸ்ட் அரசு அது. இறங்கும்போது ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. அதனால்தான் யாரும் பேசுவதில்லை போலும்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். 1989 டிசம்பர் 10, உலான்பாத்தரில் இளைஞர் பண்பாட்டு மையத்தின் முன் சுமார் 200 பேர் கூடினார்கள். ராணுவப் பத்திரிகையில் வேலை பார்த்த எல்பெக்தோர்ஜ் என்ற 26 வயது இளைஞர், மங்கோலிய ஜனநாயக ஒன்றியம் தொடங்கப்பட்டுவிட்டது என்று அறிவித்தார். ஜனவரியில் கூட்டம் ஆயிரங்களானது. சுக்பாத்தர் சதுக்கத்தில் அப்போது மைனஸ் 30 டிகிரி. பிப்ரவரியில், தேசிய நூலகத்தின் முன் நின்ற ஸ்டாலின் சிலை இரவோடு இரவாக இறக்கப்பட்டது. மார்ச் 7 அன்று பத்துப் பேர் சதுக்கத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். பொலிட்பீரோ முழுவதும் பதவி விலக வேண்டும் என்பது கோரிக்கை.

கூட்டத்தைப் படைபலத்தால் கலைக்கும் ஆணை ஒன்று கட்சியின் பொதுச்செயலாளர் ஜம்பின் பாத்மோங்க் முன் வைக்கப்பட்டதாம். இதில் ஒருபோதும் கையெழுத்திட மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். 'மங்கோலியர்கள் நாம் இருப்பதே கொஞ்சம் பேர், ஒருவர் மூக்கை ஒருவர் உடைத்து ரத்தம் பார்க்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை' என்ற பொருளில் அவர் சொன்னதை அங்கே இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். மார்ச் 9 அன்று தலைமை விலகுவதாக அறிவித்தது. தெற்கே எல்லைக்கு அப்பால் தியானென்மென் நடந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

என் கேள்வி இதுதான். மத்திய ஆசியாவில் சோவியத்திலிருந்து பிரிந்த நாடுகள் பலவற்றில் பழைய கட்சிச் செயலாளர்களே அதிபர்களாக நிலைத்துவிட்டார்கள். மங்கோலியாவில் மட்டும் ஏன் அப்படி நடக்கவில்லை? ஒரு மனிதரின் மனச்சாட்சிதான் காரணமா?

சிவப்புத் துண்டு

முதலில் ஒரு நன்றி, எலி. கையெழுத்துப் போடாதவரும் கம்யூனிஸ்ட்தான் என்பதை நீங்களாவது மறைக்கவில்லை. பாத்மோங்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர், துணைவேந்தராக இருந்தவர். சதுக்கத்தில் நின்றவர்களில் பலர் அவருடைய மாணவர்களின் வயதுக்காரர்கள்.

ஆனாலும் ஒருவருடைய பேனாவில் வரலாற்றைத் தொங்கவிடாதீர்கள். 1986இல் விளாதிவொஸ்தொக்கில் பேசும்போதே, மங்கோலியாவில் இருக்கும் படைகளைக் குறைக்கப் போவதாக கோர்பச்சோவ் சொல்லிவிட்டார். முதுகுக்குப் பின்னால் மாஸ்கோ இல்லையென்று தெரிந்த பிறகு எந்தத் தலைவர் ஆணையில் கையெழுத்திடுவார்?

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதுங்கள். நாட்டின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சோவியத் உதவியாக வந்துகொண்டிருந்தது. அது ஒரேயடியாக நின்றது. 1992இல் பணவீக்கம் 300 சதவீதத்தைத் தாண்டியது. தலைநகரில் ரொட்டிக்கும் மாவுக்கும் ரேஷன் அட்டை வந்தது. மேய்ச்சல் வெளியின் நடுவே பள்ளிக்கூடமும் விடுதியும் மருத்துவமனையும் கட்டி, கிட்டத்தட்ட எல்லோருக்கும் எழுத்தறிவு கொடுத்த அரசு எது? ஓட்டுச்சீட்டு வந்தது, மாத்திரை போனது. இதுதான் உங்கள் அமைதியான மாற்றம்.

நூலகத்து எலி

தோழர், பள்ளிக்கூடத்தை ஒப்புக்கொள்கிறேன். 1937 தொடங்கி ஓரிரு ஆண்டுகளில் சோய்பால்சான் ஆட்சியில் கொல்லப்பட்டவர்களையும் அதே கணக்கேட்டில் எழுதிவிடுவோம். மொத்தமே ஏழு, எட்டு லட்சம் பேர் இருந்த நாட்டில் முப்பதாயிரத்துக்குக் குறையாமல் கொன்றார்கள். பெரும்பாலோர் புத்த பிக்குகள். நூற்றுக்கணக்கான மடாலயங்களில் விரல்விட்டு எண்ணத்தக்கவைதான் மிஞ்சின.

கணக்குப்பிள்ளை

இருவரும் மார்ச் 9ஐச் சுற்றியே வருகிறீர்கள். உண்மையான கதை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அதை எண்களில் பாருங்கள்.

1990 ஜூலையில் முதல் பலகட்சித் தேர்தல். யார் வென்றது? பழைய கட்சியேதான், அதாவது மங்கோலிய மக்கள் புரட்சிக் கட்சி. பெரிய அவையில் 430 இடங்களில் 357. கிராமப்புறத்துக்குக் கூடுதல் இடம் ஒதுக்கிய தொகுதிப் பிரிப்பும் அதற்கு உதவியது. ஆனால் விகிதாசார முறையில் நிரப்பப்பட்ட சிறிய அவையில் 50க்கு 31தான். சட்டம் இயற்றும் நிரந்தர அவை அதுதான் என்பதால் எதிர்க்கட்சிகள் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன. எதிர்க்கட்சியிலிருந்து ஒருவர் துணை அதிபரும் ஆனார்.

1992இல் புது அரசியல் சட்டம், ஒரே அவை, 76 இடங்கள். பழைய கட்சி சுமார் 57 சதவீத வாக்கை வைத்துக்கொண்டு 70 இடங்களை அள்ளியது. இந்த இடத்தில் எந்த மத்திய ஆசிய நாடாக இருந்தாலும் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருப்பார்கள். மங்கோலியாவில் மறு ஆண்டே ஒரு வேடிக்கை நடந்தது. அதிபராக இருந்த ஓச்சிர்பாத் பழைய கட்சிக்காரர். 1993இல் முதல் நேரடி அதிபர் தேர்தலில் கட்சி அவருக்கு இடம் தராமல், கட்சிப் பத்திரிகையின் ஆசிரியரை நிறுத்தியது. எதிர்க்கட்சிகள் ஓச்சிர்பாத்தைத் தங்கள் வேட்பாளராக்கின. அவர் வென்றார்!

1996இல் ஜனநாயகக் கூட்டணி 50 இடம். 75 ஆண்டுகளுக்குப் பிறகு கட்சி ஆட்சியை விட்டு இறங்கியது. 2000இல் அதே கட்சி 72 இடங்களோடு திரும்பி வந்தது. என்னைக் கேட்டால், மங்கோலியாவைக் காப்பாற்றியது இந்த 1996ம் 2000மும்தான். தோற்றால் சிறையோ தூக்கோ அல்ல, நான்கு ஆண்டு வெளியே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வரலாம் என்று இரு தரப்புக்கும் அப்போது புரிந்துவிட்டது. மேடைப் பேச்சில் இது வராது.

மழைக்கு ஒதுங்கியவள்

கணக்குப்பிள்ளை ஐயா, அந்த நான்கு ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே. 1996 முதல் 2000க்குள் நான்கு பிரதமர்கள். இறக்குமதித் தீர்வையை ஏறக்குறைய முழுவதும் நீக்கினார்கள். உள்ளூர் ஆலைகள் சீனப் பொருள்களுக்கு முன் நிற்க முடியாமல் படுத்தன. அதிபர் பக்கபந்தி எதிர்த்தரப்பு. கூட்டணி முன்மொழிந்த பிரதமர் வேட்பாளரை அவர் திருப்பி அனுப்புவதும், இவர்கள் அதே பெயரை மீண்டும் எழுதி அனுப்புவதுமாக மாதக்கணக்கில் ஓடியது.

அந்த இழுபறியின் நடுவேதான் சோரிக் கொலை.

1990 ஜனவரியில் சதுக்கத்தில் கூட்டம் தள்ளுமுள்ளு ஆகும் நிலைக்குப் போனபோது, நண்பர் ஒருவரின் தோள்மேல் ஏறி உட்கார்ந்து ஒலிபெருக்கியில் பேசி அமைதிப்படுத்திய இளைஞர் அவர். அந்தப் படம் அங்கே எல்லோருக்கும் தெரியும். பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய பாடம் 'விஞ்ஞான கம்யூனிசம்' என்பது தனி வேடிக்கை. 1998இல் அவர் பெயரைப் பிரதமர் பதவிக்கு அறிவிக்கவிருந்த நேரம். அக்டோபர் 2 இரவு அவருடைய வீட்டுக்குள் புகுந்து கத்தியால் குத்திக் கொன்றார்கள். வயது 36.

யார் செய்யச் சொன்னது என்பது இன்றுவரை வெளிவரவில்லை. 2016இல் மூடிய அறையில் விசாரித்து மூன்று பேருக்குத் தண்டனை கொடுத்தார்கள். 2019இல் அந்தக் கைதிகளைச் சித்திரவதை செய்யும் காணொளிகளை அரசே வெளியிட்டது. இரு கட்சிகளும் மாறி மாறி ஆண்ட நாட்டில் யாருமே இதை முடிக்கவில்லை. நீங்கள் சொல்லும் 'தோற்றால் உயிர் போகாது' என்ற ஏற்பாட்டில் ஒருவருடைய உயிர் மட்டும் போய்விட்டது.

அவருடைய தங்கை ஓயுன், கேம்பிரிட்ஜில் நிலவியல் ஆய்வுப் பட்டம் பெற்றவர், அண்ணனின் தொகுதியில் இடைத்தேர்தலில் நின்று வென்றார். பிறகு கட்சி தொடங்கி வெளியுறவு அமைச்சரும் ஆனார். கட்சியின் மங்கோலியப் பெயரிலேயே 'சோரிக்' இருக்கிறது. அந்தச் சொல்லுக்குத் துணிவு என்று பொருள்.

கோபிக்காற்று

இந்த இழையை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் 2019 முதல் 2021 வரை தோர்னோகோவி மாகாணத்தில் சாய்ன்ஷாந்த் ஊரில் வேலை பார்த்தவன். இந்தியக் கடனில் கட்டப்படும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பணி. அரசியல் விஞ்ஞானம் எனக்குத் தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அம்மா இருந்தார். எழுபதைத் தாண்டியவர். பழைய காலத்தில் 'நெக்தெல்' என்ற மேய்ச்சல் கூட்டுறவில் கணக்கு எழுதியவர். அவர் வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு நீல நிறக் காகிதம் இருந்தது. 1991இல் ஒவ்வொரு குடிமகனுக்கும், கைக்குழந்தை உட்பட, 10,000 துக்ரிக் மதிப்புள்ள சீட்டுகளைக் கொடுத்தார்கள். இளஞ்சிவப்புச் சீட்டுகள் கடை, லாரி, ஆடுமாடு போன்ற சிறிய சொத்துகளுக்கு. நீலச் சீட்டு பெரிய ஆலைகளின் பங்குகளுக்கு. நாட்டையே இப்படிப் பங்கு பிரித்துவிடலாம் என்று திட்டம். பங்குச் சந்தைக்குக் கட்டடம் இல்லாமல், சிறுவர்களுக்கான சினிமாக் கொட்டகையைப் பிடித்து அதில் திறந்தார்கள்.

இளஞ்சிவப்புச் சீட்டை அந்த அம்மா மாவுக்கும் தேயிலைக்கும் கொடுத்துவிட்டார். விற்கலாம் என்று சட்டமே அனுமதித்தது, வீட்டில் மூன்று பிள்ளைகள், என்ன செய்வார்? நீலத்தில் ஒன்று, கணவருடையது, அவர் இறந்துபோன குழப்பத்தில் எங்கும் போடப்படாமல் நின்றுவிட்டது. "இது ஓர் ஆலையின் மூலை" என்று சிரித்துக்கொண்டே எனக்குக் காட்டினார். எந்த ஆலை என்று கேட்டேன். "அதை அவர்கள் சொல்லவில்லை" என்றார்.

நெக்தெல் கலைந்தபோது கால்நடைகள் குடும்பங்களுக்குப் பிரிந்தன. நகரத்தில் வேலை இழந்தவர்களும் ஆடு வாங்கி மேய்க்கக் கிளம்பினார்கள். ஆடு மேய்க்கத் தெரியாத ஆசிரியர்களும் மெக்கானிக்குகளும் அதில் உண்டு. 1999 முதல் மூன்று குளிர்காலம் தொடர்ந்து 'ட்சூட்' வந்தது. கோடை வறண்டு புல் முளைக்காமல், அதன்மேல் பனி இறுகி, கால்நடைகள் தின்ன வழியில்லாமல் சாகிற பேரிடர் அது. ஏறத்தாழ 1 கோடி உயிர்கள் போயின. கூட்டுறவு இருந்த காலத்தில் வைக்கோல் சேர்த்துவைக்கவும் கொட்டகை கட்டவும் கிணற்றைப் பழுதுபார்க்கவும் ஆள் இருந்தது. எல்லாம் அவரவருடையது ஆனதும் கிணறு மட்டும் யாருடையதும் இல்லாமல் போனது. அந்த அம்மாவின் தம்பி அப்படித்தான் மந்தையை இழந்து உலான்பாத்தர் மேட்டில் கூடாரம் போட்டார். இன்று அந்தக் கூடார வட்டாரங்களில் லட்சக்கணக்கானவர்கள். அவர்களின் அடுப்புக் கரிப்புகைதான் குளிர்காலத்தில் நகரத்தை மூடுகிறது.

இதெல்லாம் தோழர் சிவப்புத் துண்டு பக்கம் போகிற சாட்சி. மறுபக்கமும் ஒன்று உண்டு. சாய்ன்ஷாந்தில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தான்சான்ரவ்ஜா என்ற பிக்கு, கவிஞர், நாடகக்காரர். அவருடைய மடாலயத்தை 1938இல் இடிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் அதன் பரம்பரைக் காப்பாளர், இரவுகளில் பெட்டி பெட்டியாக எடுத்துப்போய்ப் பாலைவனத்தில் புதைத்தார். 64 பெட்டிகள். இடத்தைப் பேரனுக்கு மட்டும் சொல்லிவைத்தார். பேரன் 1990க்குப் பிறகுதான் தோண்டத் தொடங்கினார். எழுதியவை, உடுத்தியவை எல்லாம் இப்போது கண்ணாடிக்குள் இருக்கின்றன. அரைநூற்றாண்டுக்கும் மேலாக ஒரு குடும்பம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்களிடம் ஜனநாயகம் உங்களுக்கு என்ன கொடுத்தது என்று கேட்டால் தேர்தலைச் சொல்வதில்லை. அந்தப் பெட்டிகளைச் சொல்கிறார்கள்.

சிவப்புத் துண்டு

கோபிக்காற்று, நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். பெட்டிக் கதைக்கு என்னிடம் பதில் இல்லை. கிணற்றுக் கதையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எலிக்கு ஒரு திருத்தம். 'ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை' என்பது 1990க்குத்தான் பொருந்தும். 2008 ஜூன் தேர்தலில் மோசடி நடந்ததாகக் குற்றம்சாட்டி, ஜூலை 1 அன்று கூட்டம் ஆளுங்கட்சித் தலைமையகத்தையே கொளுத்தியது. ஐந்து பேர் இறந்தார்கள். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டுதான் ஓயு தொல்கோய் தாமிரச் சுரங்க ஒப்பந்தம்: அரசுக்கு 34 சதவீதம், மிச்சம் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு. உங்கள் ஜனநாயகம் எதை ஏலம் விட்டது என்பதையும் பேசுங்கள். நம் ஊரில் வங்காளத்தில் நடந்ததும்...

மட்டுறுத்துநர்

வங்காளத்துக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே 400 பதிவுகள் ஓடி, போன மாதம்தான் பூட்டினேன். இங்கே மங்கோலியா மட்டும்.

கணக்குப்பிள்ளை

2008ஐ நானே சொல்லியிருக்க வேண்டும், தோழர் சொன்னது சரி. ஆனால் அதன் மறு ஆண்டு என்ன நடந்தது? 2009 மே மாதம் அதிபர் தேர்தல். பதவியிலிருந்த என்க்பாயர் பழைய கட்சிக்காரர். 200 பேர் கூட்டத்தில் அறிவிப்புச் செய்தாரே, அதே எல்பெக்தோர்ஜிடம் தோற்றார். தோல்வியை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போனார். கட்டடம் எரிந்து ஓராண்டுகூட ஆகாத நேரத்தில்!

எலியின் மூலக் கேள்விக்கு என் பதில்: நாற்காலியின் வடிவத்தைப் பாருங்கள். கஜகஸ்தானில் நசர்பாயேவ் 2019 வரை. உஸ்பெகிஸ்தானில் கரிமோவ், துர்க்மெனிஸ்தானில் நியாசோவ் இருவரும் சாகும்வரை. மூன்று இடத்திலும் ஒரே நாற்காலியில் எல்லா அதிகாரமும் குவிந்தது. மங்கோலியாவின் 1992 சட்டம் அதிபரை மக்களே தேர்ந்தெடுக்கச் சொன்னது, ஆனால் ஆட்சி நடத்துவதைப் பிரதமரிடமும் அவையிடமும் விட்டது. ஆகவே கைப்பற்றுவதற்கு ஒரே ஒரு நாற்காலி என்று எதுவும் அங்கே இல்லை. 1990களில் அங்கே சண்டை போடும் அளவுக்குப் பணமும் இல்லை. தாமிரமும் நிலக்கரியும் பெரிய பணமாக மாறுவதற்குள் கட்சிகளுக்குத் தோற்றுப் பழகிவிட்டது. கஜகஸ்தானில் எண்ணெய் முதலில் வந்தது.

சுதந்திரமாக இருக்க வேண்டிய கட்டாயமும் இருந்தது. ரஷ்யா கைவிட்டுவிட்டது, சீனாவிடம் போய் ஒண்ட மங்கோலியனுக்கு மனம் வராது. அப்புறம் ஜப்பானும் அமெரிக்காவும்தான் பணம் தரும். அவர்கள் பணம் தர, தேர்தல் நடந்தாக வேண்டும். மனச்சாட்சி, சட்டம், பஞ்சம் எல்லாம் சேர்ந்த கலவை இது.

மழைக்கு ஒதுங்கியவள்

இந்தக் கலவையில் யாரும் சொல்லாத ஒன்று. மந்தை சொந்தமானதும் குடும்பங்கள் ஆண்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி மேய்க்க அனுப்பின. பெண்பிள்ளைகள் படிக்கப் போனார்கள். அதனால் மங்கோலியப் பல்கலைக்கழகங்களில் இன்றும் பெண்கள்தான் அதிகம். மருத்துவர், ஆசிரியர், வங்கி அதிகாரி எல்லாம் பெண்கள். ஆனால் நாடாளுமன்றத்தில் நெடுங்காலம் பெண்கள் சொற்பம்! படித்தவள் அலுவலகம் நடத்தினாள், படிக்காதவன் நாட்டை நடத்தினான் என்று எழுத வந்தேன். அவர்களும் படித்தவர்கள்தான், மாஸ்கோவில். ஆகவே அழித்துவிடுகிறேன்.

லடாக்கின் குஷோக் பகுலா ரின்போச்சேயை யாரும் குறிப்பிடவில்லையே? 1990 தொடக்கத்தில் இந்தியத் தூதராக உலான்பாத்தர் போய்ச் சேர்ந்தவர் ஒரு பிக்கு. போராட்டம் உச்சத்தில் இருந்த வாரங்கள். இளைஞர்களிடம் வன்முறை வேண்டாம் என்று எடுத்துச் சொன்னார் என்கிறார்கள். பத்தாண்டு அங்கேயே இருந்து மடாலயங்களை எழுப்பினார். டெல்லி வேண்டுமென்றே அனுப்பியதா, தற்செயலா, எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

நூலகத்து எலி

ரின்போச்சே எனக்குப் புதிய செய்தி, நன்றி அம்மா.

நான் 'ஒரு மனிதரின் மனச்சாட்சியா' என்று கேட்டது கொஞ்சம் சினிமாத்தனமான கேள்விதான். ஆனாலும் முழுதாக விட மனம் வரவில்லை. கணக்குப்பிள்ளை சொல்லும் நாற்காலியெல்லாம் 1992க்குப் பிறகு செய்யப்பட்டது. மார்ச் மாத இரவில் ஒரு கையெழுத்து விழுந்திருந்தால் தச்சனுக்கே வேலை வந்திருக்காது.

இப்போதைய நிலவரத்தையும் ஒரு வரியில் வைக்கிறேன். 2025இல் பிரதமரின் மகன் வீட்டு ஆடம்பரப் படங்கள், விலை உயர்ந்த கைப்பை உட்பட, இணையத்தில் பரவின. இளைஞர்கள் மறுபடி அதே சதுக்கத்தில் வாரக்கணக்கில் நின்றார்கள். ஜூன் மாதம் பிரதமர் ஒயுன் எர்தேன் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றுப் பதவி விலகினார். அவர் கட்சி எது? அதே பழைய கட்சி. 2010இல் பெயரிலிருந்து 'புரட்சி'யை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

இறக்கப்பட்ட ஸ்டாலின் சிலை பிறகு எங்கே போனது தெரியுமா? உலான்பாத்தரில் ஒரு இரவு நடன விடுதிக்குள் பல ஆண்டு நின்றது. வண்ண விளக்கெல்லாம் போட்டிருந்தார்களாம்.

கோபிக்காற்று, அந்த அம்மா எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார்? கேட்டீர்களா?

கோபிக்காற்று

கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

2020 ஜூன் தேர்தல் அன்று காலை ஏழு மணிக்கே கதவைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். கொரோனா காலம், முகக்கவசம் போட்டிருந்தார். அதற்குக் கீழே புத்தம்புது பட்டு 'தீல்' என்ற நீள அங்கி, இடுப்பில் மஞ்சள் கச்சை. மார்பில் மூன்று பதக்கம். ஒன்று கூட்டுறவில் கொடுத்தது. ஒன்று எதற்கென்று அவருக்கே மறந்துவிட்டது. மூன்றாவது, நிறையப் பிள்ளை பெற்றவர்களுக்குப் பழைய அரசு கொடுத்துவந்த 'புகழ்மிகு தாய்' பதக்கம். அதை இப்போதும் கொடுக்கிறார்கள். இவருக்கு ஆறு பிள்ளைகள். சீட்டை விற்ற ஆண்டில் வீட்டில் இருந்த மூவர் கடைசி மூவர்.

ஊசி சரியாகக் குத்தவில்லை, தொங்குகிறது, நேராக்கிவிடு என்றார். நேராக்கினேன். நாற்பது டிகிரி வெயிலில் பள்ளிக்கூடம் வரை நடந்து போய் வந்தார். திரும்பி வந்து, ஜனநாயகக் கட்சிக்குத்தான் போட்டேன், அவர்கள் தோற்றுவிடுவார்கள், ஆனாலும் போட்டேன் என்றார். தோற்றார்கள். பழைய கட்சிக்கு 76இல் 62.

மறுநாள் காலையில் பதக்கங்களைத் துடைத்து அதே தகரப் பெட்டியில், நீலச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.